ஆராதனை முறைமை யார் கையில்?

திட்டமிடப்படாத ஆராதனை என்று ஒன்று கிடையாது. ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஆலய மணி அடிக்கும்போது, அன்றைக்கு எந்தப் பாட்டு, எந்த வேதபாடம், யார் வாசிப்பது, யார் ஜெபிப்பது, யார் பிரசங்கிப்பது, காணிக்கைப் பையை யார் எடுத்துவருவது, திருவிருந்துக்கு எந்தப் பக்கத்தார் முதலில் எழுந்து போவது என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். சில முடிவுகள் முந்தின நாள் சாயங்காலம் எடுக்கப்பட்டவை. சில, நம் பாட்டிகள் பிறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. முதல் வகைக்கு ஏற்பாடு என்று பெயர். இரண்டாம் வகைக்கு வழக்கம் என்று பெயர். இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

ஆகவே, ஆராதனையை யோசித்துத் திட்டமிட வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால், திட்டமே இல்லாத புனித இடத்துக்குள் அவள் எதையோ நுழைப்பதாகப் பதறுவதில் அர்த்தமில்லை. அங்கே ஒரு திட்டம் முன்பே இருக்கிறது. அது யாருடையது என்றுதான் அவள் கேட்கிறாள்.

நான் வளர்ந்ததும் இன்றும் போய்வருவதும் தென்னிந்தியத் திருச்சபை. எனவே அதையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன். பெண்கள் குருப்பட்டம் பெறலாமா என்ற கேள்வியை இந்தச் சபை எப்போதோ தாண்டிவிட்டது. 1976-இல் முதல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-இல் இ. புஷ்பலலிதாவை நந்தியால் திருமண்டலத்தின் பேராயராக்கியது. மேடைகளில் இந்த இரண்டு ஆண்டுகளையும் நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அங்கி அணிய ஒரு பெண்ணை அனுமதித்த சபை, அவள் கையில் கொடுத்த முறைமைப் புத்தகத்தைத் தொடவில்லை. ஆண்கள் எழுதி, ஆண்கள் தேர்ந்து, ஆண்கள் பழக்கப்படுத்திய ஒரு காலையை இப்போது ஒரு பெண்ணின் குரலும் வாசிக்கலாம். நாம் பெற்றது அவ்வளவே. அதைக் கொண்டே திருப்திப்படச் சொல்கிறார்கள்.

மேசைக்கு வெளியே

ஆலயத்தில் பெண்கள் செய்யும் வேலைகளைக் கணக்கெடுத்துப் பாருங்கள். பலிபீடத் துணியைத் துவைத்து இஸ்திரி போடுவது, பூ அலங்கரிப்பது, திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவது, ஓய்வுநாள் பள்ளி நடத்துவது, வியாதியஸ்தர் வீடுகளுக்குப் போய் ஜெபிப்பது, அசனப் பண்டிகைக்குக் காய் நறுக்குவது. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்தில் பிடி அரிசி என்றொரு காணிக்கை உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து ஆலயத்துக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அரைவயிற்றுக் குடும்பங்களிலும் பெண்கள் அந்தப் பிடியைக் குறைக்கவில்லை. அந்த அரிசியை விற்ற காசும் சேர்ந்துதான் பல ஊர்களில் ஆலயச் சுவர் எழும்பியது.

இனி, அடுத்த ஞாயிறை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். ஆயர், சேகரச் செயலர், பாடகர் குழுவை நடத்துபவர். சில இடங்களில் ஆயர் மட்டும். அரிசி போட்டவளுக்குக் காணிக்கை ஜெபத்தில் ஒரு வார்த்தை எழுதும் இடம் கிடையாது. ஆலயத்தின் உழைப்பு பெண்களிடமும் அதன் சொல் ஆண்களிடமும் இருக்கும் இந்தப் பிரிவினை, வீட்டில் நாம் பார்க்கிற அதே பிரிவினைதான். ஒரே வித்தியாசம், இங்கே அதற்குக் கடவுளின் பெயர் சாட்சியாக வைக்கப்படுகிறது.

இதற்குப் பதிலாக நம்மிடம் காட்டப்படுவது வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெண்கள் ஞாயிறு. அன்றைக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரே நிறத்தில் சேலை கட்டி வரிசையாக நுழைவார்கள். வாசிப்பு, ஜெபம், காணிக்கை எல்லாம் பெண்கள். பிரசங்கமும் பெண் என்றால் அது முற்போக்கான சபை. தலைப்பு பெரும்பாலும் நீதிமொழிகள் 31, குணசாலியான ஸ்திரீ. இருட்டோடு எழுந்து வீட்டாருக்குச் சாப்பாடு போடும் 15-ஆம் வசனத்தைக் காலங்காலமாகக் கேட்டிருக்கிறோம். அதற்கு அடுத்த வசனத்திலேயே அவள் தானாக விசாரித்து ஒரு நிலத்தை வாங்குகிறாள். 26-ஆம் வசனத்தில் வாயைத் திறந்து ஞானமாகப் பேசுகிறாள். நிலமும் வாயும் எந்தப் பிரசங்கத்தில் வந்தன?

ஓர் ஆண்டில் ஒரு ஞாயிறு பெண்களுடையது என்று அறிவிப்பதன் பொருள், மீதி ஐம்பத்தொன்றும் யாருடையவை என்பதை ஒப்புக்கொள்வதே. பெரிய வெள்ளியன்று இதை இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். மதியம் மூன்று மணி நேர ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் செய்தி கொடுப்பது பல சபைகளில் வழக்கம். பெண் ஒருத்தியைக் கூப்பிட்டால் அவளுக்குக் கொடுப்பது எது? பெரும்பாலும் மூன்றாவது, தாயை யோவானிடம் ஒப்படைக்கும் வார்த்தை. கைவிடப்பட்ட கதறலையும் தாகத்தையும் பேச ஆண்கள் போதும். பெண்ணுக்குத் தெரிந்தது தாய்மை மட்டும் என்று யாரோ திட்டமிட்டிருக்கிறார்கள். அப்படித் திட்டமிட்டது அவர்களுக்கே தெரியாது என்பதுதான் சிக்கல்.

வாசிக்கப்படாதவர்கள்

உலகின் பல புராட்டஸ்டன்ட் சபைகள் பின்பற்றும் மூன்றாண்டு வேதபாட அட்டவணை ஒன்று இருக்கிறது. திருத்தப்பட்ட பொது அட்டவணை என்ற பெயரில் 1992-இல் வந்தது. மூன்று வருஷம் ஒரு ஞாயிறும் தவறாமல் ஆலயத்துக்கு வருகிற ஒருத்தி எதைக் கேட்பாள், எதைக் கேட்காமல் போவாள் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

நியாயாதிபதிகள் புத்தகத்திலிருந்து அதில் ஒரே ஒரு பாடம்தான் உண்டு. தெபொராளைப் பற்றிய நான்காம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்கள். போர் தொடங்குவதற்கு முன்பே பாடம் முடிந்துவிடுகிறது. கூடார முளையோடு வரும் யாகேலை அது எட்டவில்லை. தகப்பன் நேர்ந்துகொண்ட வாக்குக்காகப் பலியான யெப்தாவின் மகள் இல்லை. ஊர்க் கும்பலிடம் தள்ளிவிடப்பட்டு, விடியும்போது வாசற்படியில் கை வைத்தபடி கிடந்த அந்தப் பெயரில்லாத பெண் இல்லை.

தாவீதின் கதையில் நடப்பதைக் கவனியுங்கள். பத்சேபாள் விவகாரம் வாசிக்கப்படுகிறது. நாத்தானின் கண்டிப்பு வாசிக்கப்படுகிறது. அடுத்த வாரம் பாடம் இரண்டாம் சாமுவேல் 18-ஆம் அதிகாரத்துக்குத் தாவுகிறது. மகன் அப்சலோம் செத்துவிட்டான், தகப்பன் அழுகிறான். அப்சலோம் ஏன் தகப்பனுக்கு எதிராகக் கிளம்பினான்? 13-ஆம் அதிகாரத்தில் அவனுடைய தங்கை தாமார் சொந்த அண்ணன் முறையுள்ளவனால் பலாத்காரம் செய்யப்பட்டாள். வேண்டாம் என்று வாதாடினாள், தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு தெருவில் சத்தமிட்டு அழுதுபோனாள். ராஜாவான தகப்பன் கோபப்பட்டான், ஒன்றும் செய்யவில்லை. அந்த அதிகாரம் அட்டவணையில் இல்லை. சபை அப்சலோமுக்காக அழுகிறது, தாமாரைத் தெரியாமலே. அதே அட்டவணையில் குணசாலியான ஸ்திரீ மட்டும் தவறாமல் இடம்பிடித்திருக்கிறாள்.

குழந்தைகளும் இருக்கிற ஆராதனையில் இதையெல்லாம் வாசிக்க முடியுமா என்பார்கள். அந்தக் குழந்தைகளில் ஒருத்திக்கு வீட்டுக்குள் நடப்பதும் அதுவாக இருக்கலாம். அவளுக்கு வேதம் கொடுக்கிற முதல் செய்தி, இப்படி நடந்தது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, நடந்ததை அவள் மறைக்கவில்லை என்பது. ஃபிலிஸ் டிரிபிள் 1984-இல் ஆகார், தாமார், யெப்தாவின் மகள், பெயரில்லாத அந்தப் பெண் ஆகிய நால்வரின் கதைகளையும் எடுத்து ஒரு புத்தகம் எழுதினார். நாற்பது வருஷம் ஆகிறது. இறையியல் கல்லூரி மாணவர்கள் அதைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். பிறகு ஆயராகி, குணசாலியான ஸ்திரீக்குத் திரும்புகிறார்கள்.

புதிய ஏற்பாட்டிலும் இதே கதை. ரோமர் 16-ஆம் அதிகாரம் பெண்களின் பெயர்கள் நிறைந்தது. பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். அட்டவணை அந்த அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு பெண்ணின் பெயரும் அந்த மூன்றில் கிடையாது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதில் நமக்குத் துணையாகவே நிற்கிறது. பெபேயாளைச் சபையின் ஊழியக்காரி என்கிறது. பவுல் தன்னையும் அப்பொல்லோவையும் குறித்துக் கொரிந்தியருக்கு எழுதும் இடத்தில் ஊழியக்காரர் என்கிறது. மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மொழிபெயர்ப்பு அவளைக் கீழே இறக்கவில்லை. அவளை வாசிக்காமல் விட்டவர்கள் இறக்கினார்கள்.

நம் திருமண்டல நாட்காட்டிகள் தலைப்பு வாரியாகத் தனியே பாடங்களைக் குறித்துத் தருகின்றன, எங்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது என்று யாராவது சொல்லலாம். சோதித்துப் பார்ப்பது சுலபம். கடந்த ஓர் ஆண்டின் நாட்காட்டியை எடுங்கள். எத்தனை ஞாயிறுகளில் பெயருள்ள ஒரு பெண் வருகிறாள், அவர்களில் எத்தனை பேர் பேசுகிறார்கள், எத்தனை பேர் யாருக்காவது தாய், யாருக்காவது மனைவி என்பதைத் தவிர வேறாக இருக்கிறார்கள் என்று பென்சிலால் குறியுங்கள். ஒரு மணி நேர வேலை. அதன் பிறகு வாதம் செய்யலாம்.

முழங்கால் படியிடும் நேரம்

பாவ அறிக்கைக்கு வருவோம். எல்லோரும் முழங்கால்படியிட்டு ஒரே வார்த்தைகளைச் சொல்கிறோம். இந்தச் சமத்துவம் அழகானது, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட பாவி இருக்கிறான். அகந்தை கொண்டவன், தன்னை உயர்த்துகிறவன், தன் இஷ்டப்படி நடக்கிறவன். வலரி சேவிங் என்ற அமெரிக்க இறையியலாளர் 1960-இலேயே ஒரு கட்டுரையில் இதைக் கேட்டார். இது ஆணின் அனுபவத்திலிருந்து எழுந்த பாவ விளக்கம் அல்லவா? தன்னை முழுதாய்க் கரைத்து மற்றவர்களுக்கே ஊற்றிவிட்டு, தனக்கென்று ஒரு மையமே இல்லாமல் போவதுதானே பெண்ணுக்கு நேரும் ஆபத்து?

காலை நாலு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, கடைசி ஆளாகக் குளித்துவிட்டு ஓடிவந்து பின்வரிசையில் உட்காருகிறவளிடம், உன் அகந்தையை விடு, உன்னை வெறு என்று வாரந்தோறும் சொன்னால் அவளிடம் விடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அதே நேரத்தில் முன்வரிசையில் இருப்பவன், நேற்றிரவு அவளை அடித்த கையைக் கூப்பிக்கொண்டு, பொதுவான வார்த்தைகளில் பொதுவான மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு எழுந்துவிடுகிறான். அடி பொதுவாக விழவில்லை. மன்னிப்பு மட்டும் பொதுவில் கிடைக்கிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை ஆலயக் கதவருகே நின்றுவிடுவதில்லை. நம் பொது ஜெபத்தில் நாட்டின் தலைவர்கள் வருகிறார்கள், மழை வருகிறது, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் வருகிறார்கள், வெளிநாட்டில் வேலை தேடுகிறவர்கள் வருகிறார்கள். வீட்டில் அடிவாங்குகிறவள் எந்த வாரம் வந்தாள்? குடும்ப சமாதானம் என்ற சொல்லுக்குள் அவளையும் சேர்த்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்தச் சொல் அவளுக்கு என்னவாகக் கேட்கும் என்று ஒருமுறை அவள் இடத்தில் உட்கார்ந்து கேட்டால் தெரியும்: பொறுத்துப் போ.

யோசித்துத் திட்டமிடுவது என்றால் இதுதான். எழுதிய ஜெபத்தை, அதைக் கேட்கப்போகிறவளின் இடத்திலிருந்து ஒருமுறை வாசித்துப் பார்ப்பது. பாவ அறிக்கையில் வன்முறைக்குப் பெயர் சொல்வது. பரிந்துரை ஜெபத்தில் அடிபடுகிறவளுக்காக மட்டும் இல்லாமல், அடிப்பவனைத் தடுக்கச் சபைக்குத் துணிவு கேட்டும் ஜெபிப்பது. ஜெபம் முடிந்ததும் அவள் யாரிடம் போய்ப் பேசலாம் என்பதை அறிவிப்பில் சொல்வது. அறிவிப்பு நேரத்தில் சபைப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்ல முடிந்த நமக்கு இதையும் சொல்ல முடியும்.

அவர் என்ற சொல்

கடவுளை ஆணாகவே அழைக்கலாமா என்ற விவாதம் ஆங்கிலத்தில் அரை நூற்றாண்டாக நடக்கிறது. அந்த மொழியில் பிரதிப்பெயரைத் தொட்டாலே தகராறு. தமிழில் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. நம் வேதத்தில் கடவுள் அவர். அம்மாவும் அவர், அப்பாவும் அவர், ஆசிரியையும் அவர். இலக்கணம் நமக்காகக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தத் திறந்த கதவுக்குள் பிதாவே, ராஜாவே, சேனைகளின் கர்த்தாவே என்று ஆண் விளிகளை வரிசையாக நிறுத்தி அடைத்தது நாம்.

அதே மொழிபெயர்ப்பில் மரியாள் அவள். சீஷர்கள் அவன். பிரசங்க மேடையில் ஆண்களுக்கு இப்போது மரியாதை கூடிவிட்டது. பேதுரு சொன்னார், பவுல் போனார் என்கிறார்கள். மரியாள் சொன்னாள், மார்த்தாள் முறுமுறுத்தாள் என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு விகுதியை மாற்ற எந்தத் திருமண்டலப் பேரவையின் தீர்மானமும் தேவையில்லை. அடுத்த ஞாயிறே மாற்றலாம்.

லூக்கா 15-இல் இயேசு அடுத்தடுத்து மூன்று கதைகள் சொல்கிறார். ஆட்டைத் தேடும் மேய்ப்பன், காசைத் தேடும் பெண், மகனுக்காகக் காத்திருக்கும் தகப்பன். மூன்றிலும் தேடுவதும் காத்திருப்பதும் கடவுள். மேய்ப்பன் நம் ஆலயக் கண்ணாடிச் சன்னல்களில் ஆட்டுக்குட்டியோடு நிற்கிறார். அவர் பெயரையே நம் குருமாருக்கும் வைத்துவிட்டோம், ஆயர் என்றால் மேய்ப்பர்தானே. தகப்பன் நம் ஜெபத்தின் முதல் சொல்லாக இருக்கிறார். நடுவில் இருப்பவள் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். அவளை எந்தச் சன்னலில் பார்த்தோம்? அவள் பேரால் எந்தப் பட்டம் கொடுத்தோம்? துடைப்பம் பிடித்த கை கடவுளுடையது என்று சொல்ல இயேசுவுக்குக் கூச்சம் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. அந்தக் கூச்சத்தில் பெண் என்பதும் இருக்கிறது, துடைப்பம் யார் சாதியின் கையில் கொடுக்கப்பட்டது என்பதும் இருக்கிறது.

வேறு விதமாக எழுத முடியும் என்று நம்மிடையே ஒருவர் காட்டியிருக்கிறார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அழைக்கப்பட்டவர், 2005-இல் காலமானார். கிராமிய இசை வழிபாடு என்று ஒரு முழு ஆராதனையையே நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். அதில் கடவுளைப் பெத்தவரே என்று கூப்பிட்டார். அம்மாவையும் அப்பாவையும் ஒரே சொல்லில் அடக்கும் சொல் அது. தலித் மக்களின் மொழியை பலிபீடத்துக்கு முன் கொண்டுவந்தவர், அதன்மூலம் கடவுளை ஆணின் பிடியிலிருந்தும் கொஞ்சம் விடுவித்தார். வேர் நம் தெருவிலேயே இருந்தது. யோசித்து எடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மூன்று மறுப்புகள்

இவ்வளவும் சொன்னால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

முதலாவது: இது முன்னோர் தந்த மரபு, தொடக்கூடாது. எந்த முன்னோர்? தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27-இல். 1950-இல் அது தனக்கென ஒரு புதிய திருவிருந்து முறைமையை எழுதிக்கொண்டது. குருவானவர் மேசைக்குப் பின்னால் நின்று சபையைப் பார்க்கும்படி வைத்தது. கைகளால் ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்வதைக் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து எடுத்துச் சேர்த்தது. அப்பமும் ரசமும் சபையார் நடுவிலிருந்து எடுத்துவரப்பட வேண்டும் என்றது. உலகத்துச் சபைகள் அதைக் கவனித்துப் பாராட்டின. இன்று நாம் மாறாத வழக்கம் என்று நினைப்பது, ஒரு குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேண்டுமென்றே செய்த மாற்றம். அவர்கள் செய்யலாம் என்றால் நாமும் செய்யலாம். மரபு என்ற வாதம் இங்கே இதற்கு முன்னும் ஒரு காரியத்துக்குப் பயன்பட்டிருக்கிறது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதியபோது, தனித்தனியே உட்காருவதும் தனித்தனியே திருவிருந்து வாங்குவதும் எங்கள் வழக்கம் என்று சொல்லித்தான் தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் வெளியேறினார்கள்.

இரண்டாவது: ஆராதனையை நடத்துபவர் ஆவியானவர், மனிதத் திட்டம் எதற்கு? முறைமைப் புத்தகமே இல்லாத சபைகளில் இது இன்னும் சத்தமாக ஒலிக்கும். ஆனால் அங்கே மைக் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆவியானவர் வாரந்தோறும் அதே மூன்று ஆண்களைத்தான் ஏவுகிறார் என்றால் ஆச்சரியம்தான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எடுத்துக்காட்டிய யோவேலின் வாக்கில் குமாரரும் குமாரத்திகளும் சேர்ந்தே தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். பெண்கள் முக்காடு போட வேண்டும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கொரிந்தியர் நிருபப் பகுதியும், பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடந்துகொண்டிருக்கிற விஷயமாகவே பேசுகிறது. துணியை எடுத்துக்கொண்டோம், குரலை விட்டுவிட்டோம்.

மூன்றாவது: பெண்களே கேட்கவில்லையே. கேட்டிருக்கிறார்கள், எழுதியும் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள். ஒரு நாட்டுப் பெண்கள் முழு ஆராதனை முறைமையையும் எழுத, உலகமெங்கும் அது நடத்தப்படுகிறது. 2023-இல் தைவான் பெண்கள் எழுதினார்கள், 2024-இல் பாலஸ்தீனப் பெண்கள். நம் ஊர்ப் பெண்கள் அதை மொழிபெயர்த்து, ஒத்திகை பார்த்து, ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து நடத்துகிறார்கள். திறமை இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அது வெள்ளிக்கிழமை. ஆயர் வந்து ஆசீர்வாதம் சொல்லிவிட்டுப் போவார், ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். வெள்ளிக்கிழமை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏன் எழுத்து மறந்துவிடுகிறது?

கேட்க வேண்டியவை

கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறேன்.

ஒவ்வொரு சேகரத்திலும் ஆராதனைத் திட்டக் குழு ஒன்று வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்கள். அந்தப் பெண்களில் சேகரக் கமிட்டி உறுப்பினரின் மனைவிகள் மட்டும் இருக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போகிறவள், கணவனை இழந்தவள், திருமணம் செய்யாதவள், கல்லூரி மாணவி, ஆலயத்தைப் பெருக்குகிறவள் இருக்க வேண்டும். அந்தக் குழு ஆறு வாரத்துக்கு முன்னால் உட்கார வேண்டும். சனிக்கிழமை இரவு அவசரத்தில் எடுக்கும் முடிவு எப்போதும் பழைய முடிவாகத்தான் இருக்கும், ஏனென்றால் யோசிக்க நேரமில்லாதவனுக்குக் கைகொடுப்பது பழக்கம் ஒன்றே. குழு கூடும் நேரம் பெண்கள் வரக்கூடிய நேரமாக இருக்க வேண்டும். குழந்தைகளை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்வது என்பதும் திட்டத்தின் பகுதி.

ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். யார் வாசித்தார்கள், யார் பிரசங்கித்தார்கள், எந்தப் பெண்ணின் கதை வந்தது, யாருக்காக ஜெபித்தோம், கடவுளை என்னவென்று கூப்பிட்டோம். வாரம் ஐந்து வரி. வருஷக் கடைசியில் அதைச் சபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வரவு செலவை வாசிக்கிறோமே, அதுபோல.

அட்டவணை விட்டுவிட்ட பாடங்களில் ஆண்டுக்கு நான்கையாவது சேர்க்க வேண்டும். தாமாரிலிருந்து தொடங்கலாம். முன்கூட்டியே சபைக்குச் சொல்லி, வாசித்த பிறகு மௌனத்துக்கு நேரம் விட்டு, மனம் உடைந்து எழுந்து போகிறவளோடு கூடப் போக ஒருவரை ஏற்பாடு செய்து.

கடைசியாக, ஈஸ்டர் அதிகாலை. நான்கு சுவிசேஷங்களும் கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள் என்கின்றன. உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷரிடம் கொண்டுபோய்ச் சொன்னது மகதலேனா மரியாள். 2016-இல் கத்தோலிக்கத் திருச்சபைகூட அவருடைய ஜூலை 22 நினைவு நாளை அப்போஸ்தலர்களின் திருநாட்களுக்கு இணையாக உயர்த்தியது. நம் ஊரில் ஈஸ்டர் ஆராதனை நாலு மணிக்கோ ஐந்து மணிக்கோ தொடங்குகிறது. அதற்காகப் பெண்கள் இரண்டரை மணிக்கே எழுந்து விடுகிறார்கள். இருட்டில் முதலில் எழுந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருக்க, மேலே நின்று ஒருவர், பெண்கள் சொன்னதைச் சீஷர்கள் வீண்பேச்சு என்று நினைத்தார்கள் என வாசிக்கிறார். வருகிற ஈஸ்டருக்கு அந்தச் செய்தியை ஒரு பெண் சொல்லட்டும். அதற்கு அடுத்த ஈஸ்டருக்கும்.

இந்தப் புத்தகத்தை வாசிக்கிற மாணவிகளில் பலருக்கு ஆலயமே தேவையில்லை என்று தோன்றியிருக்கலாம். அதற்கான நியாயம் உங்களிடம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அம்மாக்களும் பாட்டிகளும் அடுத்த ஞாயிறும் அங்கே போவார்கள். தங்களைப் பற்றித் தாங்கள் என்ன நினைக்க வேண்டும் என்பதை ஒன்றரை மணி நேரம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை எழுதும் வேலையை, எழுதிப் பழகிய அதே கைகளிடம் விட்டுவைக்க முடியாது. முறைமைப் புத்தகத்தின் ஓரத்தில் வெற்றிடம் இருக்கிறது. பென்சிலோடு போங்கள்.